கூட்டுக் கணக்கில் இருப்பது யார் பணம்?

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

கடிதம் கிடைத்தது. இங்கே மதியம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் மண்சாலையில் புதைவதும் இழுத்து விடுவதுமாக இருக்கிறது. மற்றபடி பட்டணம் அப்படியேதான். நீ கேட்ட விஷயம் பெரிதாக இருப்பதால் ஊர்க்கதையை இத்தோடு நிறுத்துகிறேன்.

கோயில் மண்டபத்தில் நீ பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுக்கும் அந்தப் பாட்டிக்கு சமூகநல இலாகாவின் முதியோர் உதவி வருகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளோடு ஒரு கூட்டுக் கணக்கும் இருக்கிறது. மறுபரிசீலனைக்கு அதிகாரி வரும்போது அதைச் சொல்வதா விடுவதா என்று கேட்டிருக்கிறாய். சொல்ல வேண்டும். ஆனால் வெறும் வாய்ச்சொல்லாகப் போகக்கூடாது, தாளோடு போக வேண்டும்.

மறைப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ரப்பர் பால் வெட்டியே தேய்ந்த விரலை வங்கி முகப்பின் ரேகைக் கருவி படிக்காது. ஏ.டி.எம். திரையும் அவர்களுக்குப் புரிவதில்லை. ஆகவே பிள்ளையின் பெயரைச் சேர்த்து, 'இருவரில் யார் கையெழுத்தும் செல்லும்' என்ற வகையில் கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். பிறகு பிள்ளையின் சம்பளம், வீட்டுக் கடன் தவணை, கார் இன்சூரன்ஸ் எல்லாம் அதன் வழியே ஓட ஆரம்பிக்கிறது. பாட்டியைக் கேட்டால் 'அது மக காசு, என் காசு இல்லை' என்பார். அதில் பொய் இல்லை. ஆனால் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறதே.

யார் எடுக்கலாம் என்பதற்கு மட்டும்தான் வங்கியோடு செய்த ஒப்பந்தம். பணம் யாருடையது என்பது வேறு கேள்வி. அதற்கு யார் போட்டார்கள், யாருக்காகச் செலவானது என்பதுதான் சாட்சி. ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கூட்டுக் கணக்கில் பாதிதான் பாட்டியுடையது என்று உன் தங்கை மகள் லண்டனிலிருந்து சொன்ன 'பாதிப் பங்கு' கணக்கு அங்கே சரிதான். வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவியில் கூட்டுக் கணக்கை, வேறு சாட்சி இல்லாவிட்டால், சமபங்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் போனால் உதவி கிடையாது. 6,000 பவுண்டைத் தாண்டினால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானம் என்று வைத்துக் கழிப்பார்கள். ஏழை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அமெரிக்கா தரும் எஸ்.எஸ்.ஐ. உதவி இன்னும் கடுமை. உதவி பெறுகிறவர் பெயர் இருந்தால், முழுப் பணமும் அவருடையது என்றே தொடங்குவார்கள். தனி ஆளுக்கு வரம்பு வெறும் 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. 1989 முதல் அது ஏறவே இல்லை. ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. உதவி பெறுகிறவர் எழுதித் தரும் வாக்குமூலம், கூட்டாளியின் வாக்குமூலம், பணம் போட்டதும் எடுத்ததும் காட்டும் வங்கிப் பதிவு ஆகியவற்றைக் கொடுத்து, கணக்கின் பெயரையும் திருத்திவிட்டால், பணம் தன்னுடையது இல்லை என்று நிலைநாட்டலாம். அந்த முறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நம்மூர், அதாவது மலேசியாவின், முதியோர் உதவி விதியைப் பார். வயது 60 ஆகியிருக்க வேண்டும், குடிமகனாக இருக்க வேண்டும், பிழைப்புக்கு நிலையான வருமானம் இருக்கக்கூடாது, பராமரிக்கக் குடும்பம் இருக்கக்கூடாது அல்லது இருந்தும் வசதி இருக்கக்கூடாது. மாதத் தொகை 2025 ஜனவரியில் 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆனது. குடும்பம் பற்றிய அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். வெளிநாட்டில் பார்ப்பது இருப்பை, இங்கே உறுத்துவது வரத்து. கணக்கில் 4,000 வெள்ளி கிடப்பதைவிட, மாதா மாதம் முதல் தேதியில் மகள் பெயரில் 1,200 விழுவதுதான் அதிகாரியின் கண்ணில் படும். 'பராமரிக்கப் பிள்ளை இருக்கிறாளே' என்று அவர் எழுதினால் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே அந்த 1,200 எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். உதாரணத்துக்கு, 5ஆம் தேதி 900 வெள்ளி மகளுடைய வீட்டுக் கடனுக்குத் தானாக வெட்டுப்பட்டால், பாட்டிக்கு நிற்பது 300தான். அந்த 300ஐ மறைக்காதே. மகள் கொடுக்கும் உதவி என்றே எழுது. மீதி 900க்குக் கடன் கணக்கு எண்ணோடு தவணைத் தாளை இணைத்துவிடு.

இனி வேலை. கிளைக்குப் போய் 12 மாத அறிக்கை வாங்கு. 'யார் கையெழுத்தும் செல்லும்' வகை என்றால் பாட்டியே கேட்கலாம். ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் பென்சிலால் மகள், இலாகா, எஸ்.டி.ஆர். (அரசாங்கத்தின் ரொக்க உதவி), மற்றவை என்று குறி. அரசாங்கத்தின் சாரா உதவியைத் தேடாதே. அது மைகார்ட் என்ற அடையாள அட்டையில் ஏறிக் கடையில் சாமான் வாங்கத்தான் வரும், பேங்க் புத்தகத்தில் தெரியாது. பிறகு மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியான சத்தியப் பிரமாணம் ஒன்று செய்யட்டும். கணக்கு எண், திறந்த காரணம், யார் போடுவது, எதற்காக, தாய்க்கு மாதம் எவ்வளவு என்ற ஐந்தும் இருந்தால் போதும். அலங்காரம் வேண்டாம். பிரமாண ஆணையர் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்.

உதவிப் பணத்துக்குப் பாட்டி பெயரில் மட்டும் ஒரு தனிக் கணக்கு திறந்துவிடு. பி.எஸ்.என். (தேசிய சேமிப்பு வங்கி) கிளை பக்கத்தில் இருந்தால் அங்கேயே. இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கணக்கு எண்ணை மாற்ற ஐசி நகலும் புத்தகத்தின் முதல் பக்க நகலும் கொடு. உன் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற சாப் (முத்திரை) அடித்து வாங்காமல் வராதே. புதுக் கணக்கில் முதல் மாதப் பணம் விழும்வரை பழையதை மூடக்கூடாது. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பணம் மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பும், அதைத் துரத்தி வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் இருந்த காலத்தில் திறந்த கணக்கு என்றால் வங்கிப் பதிவில் பழைய ஐசி எண்ணே இருக்கலாம். 12 இலக்கப் புது எண்ணோடு பொருந்தாவிட்டால் பணம் கணக்கில் சேராது. பெயரின் எழுத்தையும் சரிபார். நம் ஆட்களின் பெயரைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒரு மாதிரி எழுதியிருப்பார், பதிவிலாகா வேறு மாதிரி. ஏழு வருடம் யாரும் தொடாத கணக்கு என்றால் உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்துக்குப் போய்விடும். வட்டி ஏறுவது தொட்டதாகாது. போனாலும் கோரி வாங்கலாம்.

அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் பணத்தை மொத்தமாக எடுத்து மகள் கணக்குக்கு மாற்றச் சொல்லும் புத்திசாலிகள் உன் மண்டபத்திலும் இருப்பார்கள். கேட்காதே. 12 மாத அறிக்கையில் அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் படும். பாட்டியின் பெயரை மட்டும் நீக்குவதும் லேசில்லை. பல வங்கிகளில் கணக்கை மூடிப் புதிதாகத் திறக்கச் சொல்வார்கள், இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். கடன் தவணையை முன்கூட்டியே வேறு கணக்குக்கு மாற்றாவிட்டால் மகளுக்குப் பாக்கி விழும். செய்வதானால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகு, நிதானமாகச் செய்.

'வங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுமாம்' என்பதும் 'ஒன்றும் சொல்லாதாம்' என்பதும் அரைகுறைப் பேச்சு. 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு வாடிக்கையாளர் ரகசியத்தைக் காக்கிறது, விதிவிலக்குகளும் உண்டு. ஆனால் அதிகாரிக்கு வங்கியைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. புத்தகத்தைக் காட்டு என்று பாட்டியைத்தான் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்திருந்தால் அது பொய் வாக்குமூலம்.

நீ எழுதாத இரண்டைக் கேட்டுப் பார். கணவர் இறந்தபின் பெர்கேசோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வாரிசு பென்ஷன் வருகிறதா? வந்தால் அது வருமானம், எந்தக் கணக்கில் விழுந்தாலும் சரி. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் காலத்தில் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு இருக்கிறதா? நம் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பலர் பங்கு வாங்கிவிட்டு மறந்துபோனவர்கள். ஈவுத்தொகை சிறிதானாலும் பாரத்தில் ஒரு வரி எழுது.

சொல்லத் தயக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உதவி பெறுகிறவர் காலமானபின் கூட்டுக் கணக்கில் இன்னொரு மாதத் தொகை விழுந்துவிடுவது உண்டு. அட்டை கையில் இருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அது. மரணச் சான்றிதழ் கையில் வந்ததும் இலாகாவுக்கும் வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருக்கிற கூட்டாளிக்கு மீதிப் பணம் நேராகப் போகுமா, இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா வழியாகப் போக வேண்டுமா என்பது திறந்தபோது கையெழுத்துப் போட்ட விதிகளைப் பொறுத்தது. மகளிடம் அந்தத் தாளைத் தேடி எடுக்கச் சொல்.

அறிக்கை கிடைத்ததும் பென்சில் குறி போட்டபின் எனக்கு வாட்சப்பில் படம் அனுப்பு. கணக்கு எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு எடு. பிரமாணத்தின் வாசகத்தை மலாயில் எழுதித் தருகிறேன், ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

அன்புடன்,
ராமு