குமாருக்கு, டயர் விஷயமாக

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கட்டுப் பிரித்த மறுநாளே அடுப்படிக்குப் போகிறேன் என்று அடம்பிடிப்பார்கள், விடாதே. இங்கே கோவில்பட்டியில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளைச் சென்னையில் காலேஜில் சேர்த்தாயிற்று. வீட்டில் இப்போது இரண்டே பேர். அளவு பிடிபடாமல் தினமும் சோறு மிஞ்சுகிறது. புரட்டாசியில் விதைத்த உளுந்து முளைத்துவிட்டது. ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்தால் இந்த வருஷம் தப்பித்தேன்.

சரி, வண்டிக்கு வருவோம். ஜீப் வாங்கி மலை மலையாகச் சுற்ற வேண்டும் என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசியதை இந்த வயதிலாவது செய்தாயே, சந்தோஷம். 2021 மாடல் மஹிந்திரா தார், 16 இஞ்ச் இரும்பு ரிம், ஒரே கை ஓட்டிய வண்டி என்றால் நல்ல பிடிதான். ஆனால் வாங்கிய சூட்டோடு 265 அளவில் எம்.டி. (மட் டெரெய்ன், சகதிக்கென்று செய்தது) டயர் போடப்போகிறேன், கடைக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தில் கொஞ்சம் பொறு.

முதலில் நீ எங்கே ஓட்டப்போகிறாய் என்று யோசி. பொள்ளாச்சி வீட்டிலிருந்து தோப்புக்குச் செம்மண் தடம். மாதத்தில் பாதி நாள் வால்பாறை எஸ்டேட் வேலை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லும் முள்ளுமான பாதை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் உன் வண்டியின் பெரும்பாலான ஓட்டம் நனைந்த தார் ரோட்டில்தான். அதுவும் வால்பாறையில் சின்னக்கல்லாறு பக்கம் ஆனி, ஆடியில் பெய்கிற மழை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகதிக்கென்று செய்த டயரை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் பிரேக் போடப்போகிறாயா?

எம்.டி. டயரில் பட்டன்கள், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், பெரிது, இடைவெளியும் பெரிது. சகதியைக் கடித்து, சுழலும்போது உதறிவிட அந்த இடைவெளி வேண்டும். தார் ரோட்டில் அதே இடைவெளி நஷ்டம். ரோட்டைத் தொடும் ரப்பர் குறைந்துபோகிறது. அப்புறம், ஈரத்தில் ரப்பர் ரோட்டைப் பிடிக்க ஒவ்வொரு பட்டன்மேலும் கத்தியால் கீறினதுபோல் மெல்லிய கீறல்கள் வேண்டும். தண்ணீர்ப் படலத்தை அறுத்து உள்ளே வாங்கிக்கொள்வது அவைதான். எம்.டி. டயரில் அவை மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாப் பாதைக்குமானது) டயர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பட்டனின் விளிம்பு எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், கடைக்காரரும் அதைத்தான் தட்டிக் காட்டுவார். நீ குனிந்து கீறலைப் பார், அது எவ்வளவு ஆழம் போகிறது என்று நகத்தை விட்டுப் பார். மேலோட்டமாக மட்டும் இருந்தால் டயர் பாதி தேயும்போது கீறலும் காணாமல் போய்விடும். அதற்கப்புறம் மழையில் அது வேறு டயர்.

இதை நானே ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியில் ஏ.டி.; என் மைத்துனரின் நண்பர் ஒருவரும் தார்தான் வைத்திருக்கிறார், அதில் எம்.டி. நான்கு வழிச்சாலைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு துண்டுச் சாலையில், தூறல் நின்ற கையோடு, இரண்டு வண்டியையும் 60-ல் ஓட்டி ஒரே மைல்கல்லில் பிரேக் மிதித்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் வண்டி என் வண்டியைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கடகடவென்று அடிப்பது வெளியே நிற்கும் எனக்கே கேட்டது. தேய்மானம், காற்று எல்லாம் அச்சு அசலாக ஒன்றல்ல, ஆகவே இதைப் பெரிய ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசி நேரத்தில் மாடு குறுக்கே வந்தால் எந்த வண்டியில் உட்கார்ந்திருக்க ஆசைப்படுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியென்றால் ஏ.டி. எங்கே உதவும், எங்கே உதவாது? எங்கள் மாவட்டத்திலேயே ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு மண் இருக்கிறது.

ஒன்று திருச்செந்தூர்ப் பக்கத் தேரி. நீ பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று மைல்கணக்கில் சிவப்பு மணல் மேடுகள். மணலில் இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால் அந்த நிறம். பனையும் முந்திரியும் நிற்கும். காயாமொழி பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி பழக்கம், அவர் தோட்டத்துக்குப் போகும் தடத்தில்தான் ஓட்டிப் பார்த்தேன். (வனத்துறை எல்லைக்குள் வண்டியை விடக்கூடாது, அதை அண்ணாச்சி முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.) 32 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கியதும் நாலு வீலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போனது. இறங்கி, வால்வைத் திறந்து, ஒவ்வொன்றையும் 16-க்குக் கொண்டுவந்தேன். டயர் தொட்ட இடம் மணலில் பதிந்திருந்தது. காற்றை இறக்கும் முன்பும் பின்பும் அச்சை ஜாணால் அளந்து பார்த்தேன். அகலம் ஏறக்குறைய அப்படியேதான், நீளம்தான் நன்றாகக் கூடியிருந்தது. காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் பரவும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நீளவாக்கில்தான் அது முக்கியமாகப் படுக்கிறது, பீரங்கி வண்டியின் பட்டை மாதிரி. பாரம் பரந்துவிடுகிறது, மணலைத் தோண்டாமல் மேலே நடந்துவிடுகிறது. அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை, பீடியை எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அந்த மேட்டை வண்டி முனகாமல் ஏறியது. டயர் அதே டயர்தான், மாறியது காற்று மட்டும். 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இன்னொரு பிராண்டு வாங்குவதைவிட காற்றை அளக்க ஒரு நல்ல கேஜும் பேட்டரியில் கிளிப் மாட்டும் சின்ன கம்ப்ரசரும் உனக்கு அதிகம் உழைக்கும். கம்ப்ரசர் கட்டாயம். காற்றைக் குறைத்துக்கொண்டு அப்படியே தார் ரோட்டில் 80-ல் போனால் டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறிக் கிழியும். 15-க்குக் கீழே இறக்கித் திடீரென்று திருப்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும், அதையும் நினைவில் வை.

இன்னொன்று எங்கள் வீட்டுவாசல் கரிசல். இதில் எந்த ஏ.டி. டயரும் தேறாது. விளம்பரத்தில் என்ன போட்டாலும் நம்பாதே. நனைந்த கரிசல் களிமண், உப்பி ஒட்டும். முதல் பத்தடியிலேயே பட்டன் இடைவெளியெல்லாம் நிரம்பி டயர் மொட்டையாகிவிடும், அப்புறம் மட்கார்டு உள்ளேயும் அப்பிக்கொண்டு வீல் சுற்ற இடமில்லாமல் செய்யும். எம்.டி. கொஞ்ச தூரம் கூடப் போகும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் மழை பெய்த மறுநாள் தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் நடந்துதான் போவார்கள், வண்டியைத் தொடமாட்டார்கள். உன் பக்கம் செம்மண், சரளை. அது அப்படி ஒட்டாது, ஏ.டி. அங்கே ராஜாவாக ஓடும்.

கல் பாதைக்கு வேறு கணக்கு. கொழுக்குமலைக்கு நாம் போனது நினைவிருக்கிறதா, எஸ்டேட் தேனி மாவட்டத்தில், ஆனால் வண்டி ஏறுவது கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து. அந்த ஜீப்காரர்களின் டயரைப் பார்த்திருப்பாய்: ஒல்லி டயர், விலையும் சாதாரணம். லோ கியரில், ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, வீலை எங்கே வைப்பது என்று தெரிந்து ஏறுகிறார்கள். கல்லில் டயர் சாவது நடுவில் இல்லை, பக்கவாட்டில். கூர்க்கல் உரசிக் கிழிந்தால் பஞ்சர்க் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். அதனால்தான் பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 மாதிரி டயர்களில் பக்கவாட்டிலும் தடித்த கட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஏ.டி. ரேடியல் என்ற சங்கதியையே 1976-ல் கொண்டுவந்தவர்கள் அவர்கள். விலைதான் மூச்சு முட்டும்.

இப்போது உன் 265. உன் வண்டியின் அளவு 245/75 ஆர்16, அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 16 இஞ்ச். டயரின் முழு உயரம் ஏறக்குறைய 774 மில்லிமீட்டர். 265/75 போட்டால் 804. மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதே, ஏறக்குறைய 4 சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது நீ 104-ல் போய்க்கொண்டிருப்பாய். கிலோமீட்டரும் குறைத்துக் காட்டும், மைலேஜ் விழுந்ததுபோல் தெரியும்; நிஜமாகவும் கொஞ்சம் விழும், ஏனென்றால் டயர் கனம். முழுசாக ஒடித்துத் திருப்பும்போது எங்காவது உரசும். போதாததற்கு, கம்பெனி கொடுத்த அளவை மாற்றினால் நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது, யாராவது தெரிந்த வக்கீலிடம் கேட்டுப் பார். என் யோசனை, அதே 245/75.

அதே அளவிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று சாதாரணக் கட்டு, பக்கத்தில் 111 என்று போட்டிருக்கும். ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும் என்று அர்த்தம். இன்னொன்று முன்னால் எல்.டி. (லைட் டிரக்) என்று எழுதி 120/116 என்று போட்டிருக்கும், 1,400 கிலோ. கடைக்காரர் பத்துப் பிளை, இரும்பு மாதிரி என்று இரண்டாவதைத் தள்ளப் பார்ப்பார். உள்ளே பத்து அடுக்கு இருக்காது, அது பலத்தைக் குறிக்கும் பழைய கணக்கு. ஒன்றே முக்கால் டன் வண்டிக்கு அவ்வளவு முரட்டுக் கட்டு எதற்கு? காற்றை இறக்கினாலும் அது லேசில் படுக்காது, தோப்புத் தடத்தில் உன் இடுப்பைப் பதம் பார்க்கும். தினமும் கூர்க்கல்லில் ஏறுகிறவனுக்கு அது சரி. உனக்கு 111 போதும், உன் முதுகுவலியை நான் மறக்கவில்லை.

மூன்று சிகரம் உள்ள மலை, நடுவே பனிப்பூ என்று ஒரு படம் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. அது பனி மூடிய ரோட்டுக்கான சோதனை. வால்பாறையில் எவ்வளவு குளிர்ந்தாலும் அது தேவைப்படாது.

பிராண்டு கேட்டாய். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி. என் வண்டியில் ஓடுகிறது, ஈரத்திலும் சத்தத்திலும் எனக்குக் குறையில்லை. அப்போலோ, சியட்டிலும் உன் அளவில் கிடைக்கிறதா என்று பார், விலை இறங்கும். ஆனால் எது வாங்கினாலும் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. இரண்டு வருஷம் குடோனில் கிடந்ததைப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு ஒரு கடையில் நாலில் ஒன்று மட்டும் மூன்று வருஷப் பழசாக வந்தது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுத்தார்.

மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்று. ஃபோர் வீல் போடும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், ஒரு ஜோடி தேய்ந்து ஒரு ஜோடி புதிதாக இருந்தால் கியர் பெட்டி அவஸ்தைப்படும். ஸ்டெப்னியும் முழு அளவுதான் என்பதால் அதையும் சேர்த்து ஐந்தாகச் சுற்று மாற்றிக்கொண்டே வா, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. இல்லாவிட்டால் ஏ.டி. பட்டன்கள் ரம்பப் பல் மாதிரி தேய்ந்து, ஹெலிகாப்டர் சத்தம் போடும். உன் வீட்டம்மா வண்டியில் ஏறமாட்டார்கள்.

வால்பாறையில் மழை பிடிக்கும் முன் முடித்துவிடு. கடைக்குப் போகும் முன் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்று ஸ்டிக்கரையும் இப்போது ஓடும் டயரின் பக்கவாட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அப்புறம் பழைய டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதே. பாதி பட்டன் இருக்கிறது என்கிறாய். மாற்று விலை பேசு, படியாவிட்டால் கொண்டு வந்து போடு, என் சித்தப்பா மகன் பழைய பொலிரோவுக்கு நாலு டயர் தேடிக்கொண்டிருக்கிறான், அளவு ஒத்துவருமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
சேகர்