கயலுக்கு, சாஃப்ட்னர் விஷயமாக

அன்புள்ள கயல்,

தண்ணீரின் கடினத்தைக் குறைக்கிற சாஃப்ட்னருக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். வாங்குவதென்றால் 36,000, பொருத்துகிற கூலி தனியாக 2,000. வாடகை என்றால் மாதம் 1,200, திருப்பித் தருகிற டெபாசிட் 6,000. எதைப்பா எடுக்கலாம் என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். நெல்லிக்குப்பம் ஆலையில் பாய்லர் பக்கமே காலத்தைக் கழித்தவனிடம் சாஃப்ட்னர் பற்றிக் கேட்டால் ஒரு வரியிலா விடுவான், பொறுமையாகப் படி.

முதலில் தண்ணீர். அம்மா பாண்டிச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து திரும்பும்போது உன் பாத்ரூம் குழாயில் பாட்டிலில் பிடித்து வந்தாளே, அதை டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தேன். பவுடரைப் போட்டதும் தண்ணீர் திராட்சை ரசம் போலச் சிவந்துவிடும். அப்புறம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் சிவப்பு கொஞ்சம் ஊதாவாகத் தயங்கும், அடுத்த சொட்டில் சட்டென்று நீலம். என்னிடம் இருக்கிற கிட்டில் ஒரு சொட்டுக்கு 25 கணக்கு. உன் தண்ணீர் 18 சொட்டு கேட்டது, அதாவது லிட்டருக்கு 450 மில்லிகிராம் கடினத்தன்மை. தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியத்தைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 200 வரை சரி, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. கடலூர் கேப்பர் மலைத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நீ, இந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, நீ புலம்புவது நியாயம்தான்.

ஆனால் அந்தக் கடைக்காரப் பையன் வீட்டுக்கு வந்து செய்து காட்டின வித்தையை நம்பாதே. இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு கரண்ட் கொடுத்தான், தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாயிற்று, மாப்பிள்ளை பயந்துவிட்டார் என்றாயே, அந்தப் பழுப்பு உன் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியில் இருக்கிற இரும்புதான் கரண்டில் கரைந்து வருகிறது. உப்பு இருக்கிற எந்தத் தண்ணீரிலும் வரும், ஆர்ஓ தண்ணீரில் கரண்ட் பாய உப்பு போதாது, அதனால் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். அவன் விற்கிற சாஃப்ட்னரிலிருந்து வருகிற தண்ணீரிலேயே கம்பியை விடச் சொல், அதுவும் பழுப்பாகும். டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான், மொத்த உப்பைக் காட்டுமே தவிர அதில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னர் வைத்த பிறகும் டிடிஎஸ் குறையாது. ஏனென்றால் சாஃப்ட்னருக்குள் இருக்கிற ரெசின் என்கிற பிளாஸ்டிக் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாக சோடியத்தை விடுகின்றன. சரக்கு மாறுகிறது, எடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கடற்கரைப் பக்கத்து போர்வெல்லில் வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர் வந்தால் சாஃப்ட்னர் அந்தக் கரிப்பை எடுக்காது. உன் வீட்டுத் தண்ணீர் கரிக்கவில்லை, அது நல்ல காலம்.

உன் தண்ணீர் 450 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக வரும். குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு ஒன்றுமில்லை. குடிக்க வேண்டாம். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது, உன் வீட்டுக்கு வந்தால் பத்து நாள் தங்குகிறாள், அதனால் சமையலறைக் குழாயில் ஆர்ஓ கட்டாயம் இருக்கட்டும். சாஃப்ட்னர் தண்ணீர் உள்ளே போனால் ஆர்ஓ மெம்பரேனில் சுண்ணாம்பு கட்டாது, சோடியத்தையும் அது பெரும்பாலும் எடுத்துவிடும். பருப்பு வேக மாட்டேன் என்கிறது என்றாயே, அதற்கும் கால்சியம்தான் காரணம், அந்த ஆர்ஓ தண்ணீரிலேயே வேக வை.

பேரன் தோல் வறட்சிக்கு சாஃப்ட்னர் மருந்து என்று அந்தக் கடைக்காரப் பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்காக வாங்காதே. இங்கிலாந்தில் கரப்பான் என்கிற தோல் நோய் இருக்கிற 336 குழந்தைகளை வைத்து, பாதிப் பேர் வீட்டில் 12 வாரம் சாஃப்ட்னர் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. வழக்கமான மருந்தோடு மட்டும் இருந்த குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் நோயில் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்தாமல் போடு. சாஃப்ட்னர் வாங்கக் காரணம் வேறு: ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய், டைல்ஸ், சோப்புச் செலவு. உன் ஹீட்டரைக் கழற்றினபோது காயிலைச் சுற்றி விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு இருந்ததாம், மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் ஓடு ஓடாகக் கழன்று விழுந்ததாம். எங்கள் பாய்லரில் அதில் பத்தில் ஒரு பங்கு ஸ்கேல் கட்டினாலே இன்சார்ஜ் தூங்க மாட்டார். சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே நிற்கும், கடைசியில் ட்யூப் வெடிக்கும். உன் ஹீட்டரில் அந்த அளவு ஆபத்து இல்லை, காயில் எரியும், கரண்ட் பில் ஏறும். சாஃப்ட்னர் வருகிற வரைக்கும் தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே வை, சூடு ஏற ஏறத்தான் படிவு அதிகம்.

ஷவரில் மாட்டுகிற சின்ன ஃபில்டர், குழாயைச் சுற்றிக் கட்டுகிற காந்தம், உப்பே வேண்டாத சாஃப்ட்னர் என்று அம்மாவுக்கு வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. அதில் எதையாவது வைத்துவிட்டு இந்தக் கிட்டில் பார், பழைய 18 சொட்டுதான் வரும்.

சரி, உன் கொட்டேஷனுக்கு வருகிறேன். 25 லிட்டர் ரெசின், ஒரு சார்ஜில் 10,000 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். பொய் இல்லை, ஆனால் அது எந்தத் தண்ணீருக்கு என்று போடவில்லை. ஒரு லிட்டர் ரெசின் சுமாராக 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும், 25 லிட்டர் என்றால் 1,250 கிராம். உன் தண்ணீரில் லிட்டருக்கு 0.45 கிராம். வகுத்துப் பார், 2,800 லிட்டர்கூடத் தேறாது. நாளுக்கு 500 லிட்டர் செலவு என்றால் ஐந்து நாளைக்கு ஒரு முறை ரீஜெனரேஷன், அதாவது ரெசினை உப்புத் தண்ணீரால் கழுவி மறுபடி சார்ஜ் செய்வது, ஒவ்வொன்றுக்கும் 3 கிலோ உப்பு, மாதம் 18 கிலோ. உப்பு வாடகையில் சேராது என்று இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, பார்த்தாயா? மரக்காணத்து உப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கி அப்படியே கொட்டிவிடாதே, பாத்தி மண் அடியில் தங்கி, உப்புத் தண்ணீரை இழுக்கிற இன்ஜெக்டரை அடைக்கும். தூள் உப்பும் வேண்டாம், கட்டியாகிவிடும். சுத்தமான கல் உப்பு, இல்லை சாஃப்ட்னருக்கென்று விற்கிற மாத்திரை உப்பு. கழிவு உப்புத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், தென்னை மரத்தடிக்கோ மழைநீர்க் குழிக்கோ விட்டால் பாண்டிச்சேரி நிலத்தடித் தண்ணீரில் கடல் உப்பு ஏறினது போதாதென்று நாமும் ஊற்றினதாக ஆகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, இரண்டு கொட்டேஷனிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நீ இருப்பது முதல் மாடி, டேங்க் உன் தலைக்கு மேலே மொட்டை மாடியில். சாஃப்ட்னரின் ஆட்டோமேட்டிக் வால்வ் ஒழுங்காக உப்புத் தண்ணீரை இழுக்க ஒன்றரை, இரண்டு பார் பிரஷர் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார். உன் ஷவருக்கு மேலே டேங்க் பத்து அடி இருக்குமா? அப்படியானால் 0.3 பார். பிரஷர் பம்ப் இல்லாமல் டேங்க் லைனில் வைத்தால் ரீஜெனரேஷனும் ஆகாது, ஷவரும் அழும். போர் மோட்டாரிலிருந்து டேங்க்குக்கு ஏறுகிற லைனில் வைத்தால் பிரஷர் தாராளம், ஆனால் அந்த டேங்க் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனருக்கும் சேர்த்து. தண்ணீர்ச் செலவு இரட்டிப்பாகும், ஐந்து நாள் இரண்டரை நாளாகும், உப்பு மூட்டை தூக்குவது நீயாக இருப்பாய்.

இப்போது வாடகையா, சொந்தமா. வாங்கினால் 38,000, முதல் வருஷம் போனதும் ஏஎம்சி, அதாவது பராமரிப்பு ஒப்பந்தம், வருஷத்துக்கு 3,500 என்று போட்டிருக்கிறான். மூன்று வருஷத்தில் 45,000. வாடகை மூன்று வருஷத்தில் 43,200. ஐந்து வருஷமானால் 52,000-க்கு எதிராக 72,000. ஆக, மூன்று வருஷம்தான் எல்லை. அதே வீட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் இருப்பவன் வாங்க வேண்டும். மாப்பிள்ளை பேங்க்கில் இருக்கிறார், ட்ரான்ஸ்ஃபர் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது, உன் வீட்டு அக்ரிமென்ட் 11 மாதம். கழற்றிக்கொண்டு போகலாமே என்பாய். போகலாம். பைப் வெட்டின இடத்தைப் பழையபடி ஒட்ட பிளம்பர், புது வீட்டில் மறுபடி பிளம்பர், அங்கே தண்ணீர் நன்றாக இருந்தால் சாஃப்ட்னர் பரணில். பழைய சாஃப்ட்னரை நல்ல விலைக்கு எடுப்பவன் யாரும் இல்லை.

அதனால் நீ வாங்காதே. முதலில் ஹவுஸ் ஓனரிடம் பேசு. சாஃப்ட்னர் வீட்டோடு இருக்க வேண்டிய சாமான், மோட்டார் மாதிரி. அவர் ஹீட்டரிலும் இதே படிவுதான் இருக்கும், அதைக் கழற்றிக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்தது. அவர் வாங்கட்டும், உப்புச் செலவில் பாதி நீ கொடு. இரண்டு வீட்டுக்கும் என்றால் 40 லிட்டர் ரெசினுக்குக் குறையக் கூடாது, வால்வ் டைமர் வகையாக இல்லாமல் ஓடின தண்ணீரை அளந்து ரீஜெனரேஷன் போகிற வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் நீங்கள் எல்லாரும் ஊருக்கு வந்திருக்கும்போதும் அது பாட்டுக்கு உப்பைத் தின்றுகொண்டிருக்கும்.

அவர் மாட்டேன் என்றால் வாடகைக்கு எடு, கூடவே பிரஷர் பம்ப்புக்கும் விலை கேள். கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயத்தை எழுத்தில் வாங்கு: குறைந்தபட்சம் எத்தனை மாதம், நடுவில் விட்டால் டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள், கழற்றிப் பொருத்த யார் செலவு, ரெசின் கெட்டால் யார் மாற்றுவது. கடைசிக் கேள்வியில்தான் நழுவுவார்கள். இரும்பு இருக்கிற தண்ணீர் ரெசினைக் கெடுத்துவிடும், அப்போது உங்கள் தண்ணீர் சரியில்லை மேடம் என்று உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உன் பக்கெட்டில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல், இருந்தால் முன்னால் ஒரு அயர்ன் ஃபில்டர் வேண்டும், அதையும் வாடகைக்குள்ளேயே சேர்க்கச் சொல். 24 மாதம் கட்டாயம் என்றால் விட்டுவிடு, வேறு ஆளைப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், கிட்டும் டேப்பும் கொண்டு வருகிறேன், டேங்க் உயரத்தை அளந்துவிடலாம். மோட்டார் ரூம் சாவி ஓனரிடம் இருக்கும், அன்றைக்கு அவர் வீட்டில் இருப்பாரா என்று கேட்டு வை.

அப்பா