கறளுக்கு மேல அடிக்க வேண்டாம் அண்ணா

ஸ்காபரோ, கனடா
ஐப்பசி, 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அண்ணி, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சுகமாயிருக்க வட்டாப்பளை அம்மாளை வேண்டுறன். போன ஞாயிறு வீடியோவில பிக்கப்பைச் சுத்திக் காட்டினீங்கள். லைன் விட்டு விட்டு வந்ததால கதைச்சு முடிக்கேல்லை. மாரி துடங்க முந்திச் சாமான் ஏத்திற பின்பெட்டிக்கும் சில்லுக்கு (சக்கரத்துக்கு) மேலயும் தகட்டைக் காக்கிற கறுப்புக் கோட்டிங் அடிக்கப்போறன் எண்டு சொன்னது மட்டும் காதில விழுந்தது. அதுதான் உடனே எழுதுறன். போனில சொன்னால் பாதி மறந்துபோகும். கடிதமெண்டால் சின்னவன் ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுவான்.

கோட்டிங் நல்ல சாமான்தான். ஆனால் நீங்கள் காட்டின நிலைமையில, கறளுக்கு (துருவுக்கு) மேல அடிக்க வேண்டாம்.

நான் இப்ப வேலை செய்யிற வாகனக் கராச்சில இதுதான் முழுநேர வேலை. காலமை ஐந்தரை பஸ்ஸைப் பிடிச்சால்தான் ஏழு மணிக்கு உள்ளுக்க நிக்கலாம். முதல் நாலு மாசமும் முதலாளி என்னைக் கோட்டிங் விசிறுற கன்னைத் தொட விடேல்லை. கழுவுறது, எண்ணெய்ப்பசை துடைக்கிறது, சாண்ட் பேப்பர் தேய்க்கிறது, டேப் ஒட்டுறது, அவ்வளவுதான். அப்ப எனக்கு மனம் நொந்தது. இப்ப விளங்குது. ஒரு பிக்கப் வந்தால் அரைநாளுக்கு மேல இந்த வேலைக்கே போயிடும். அடிக்கிறதுக்கு ஒரு மணித்தியாலமும் செல்லாது. பழைய பெயின்ற்றின்ர மினுக்கம் முழுக்கப் போய் மங்கிக் கிடக்கவேணும். ஒரு கையடையாளம் பட்டாலும் அந்த இடத்தில பிடிப்பு இராது.

அடிக்கிறதைப் பாத்தியளெண்டால் அசந்துபோவியள். ரெண்டு பீப்பாயில ரெண்டு மருந்து. மெசின் ரெண்டையும் அறுபது டிகிரிக்கு மேல சூடாக்கி வேற வேற குழாயில அனுப்பும். கன்னின்ர வாயிலதான் ரெண்டும் கலக்குது. தகட்டில விழுந்து பத்து எண்ண முந்தி இறுகத் துடங்கிடும். ரெண்டு மூண்டு தரம் ஓட்டி மூண்டு மில்லிமீற்றர் மொத்தத்துக்குக் கொண்டுவருவம். காய்ஞ்ச பிறகு கையால தடவினால் திருக்கையின்ர முதுகு மாதிரிச் சொரசொரப்பு. மேல எதை ஏத்தினாலும் வழுக்காது. ஓரம் நேராய் வர ஒரு வழி வைச்சிருக்கினம்: டேப்புக்குள்ள மெல்லிய கம்பி ஒண்டு ஓடும். அடிச்ச கையோட, முழுக்க இறுக முந்தி, அந்தக் கம்பியை இழுத்தால் கோட்டிங் கத்தியால வெட்டினமாதிரிப் பிரியும். கொஞ்சம் பிந்தினால் கம்பி வராது. நான் ரெண்டு தரம் பிந்தி, சிரட்டையைச் சுரண்டுறமாதிரிச் சுரண்டி எடுத்தனான்.

இஞ்ச உள்ள சனத்துக்கு இது ஏன் தேவையெண்டு வந்த முதல் மாரியிலதான் கண்டன். பனி கொட்டுற இரவில லொறி லொறியாய் உப்பைக் கொண்டுவந்து றோட்டில விசிறுவாங்கள். கனடா முழுக்க வருசத்துக்கு ஐம்பது இலட்சம் தொன் அளவில போடுகினமாம். ஆனையிறவு உப்பளத்தைப் பாத்து வளந்த எனக்கு நெஞ்சு திக்கெண்டது. அந்த உப்புத் தண்ணி ரயரோட சுத்திச் சில்லுக்கு மேல அடிச்சு, தகட்டு மடிப்புக்குள்ள போய்க் குந்தியிருக்கும். பனி போனாலும் அது போகாது.

என்ர கதையையும் சொல்லவேணும், உங்களுக்கு இவ்வளவு நாளும் மறைச்சுப்போட்டன். இந்த வேலைக்கு வர முந்தி, எட்டு மாசம் மிச்சம்பிடிச்ச காசில ஒரு பழைய பிக்கப் வாங்கினனான். பெட்டியும் சில்லுக்கு மேலயும் கன்னங்கரேலெண்டு புதுக் கோட்டிங். அதைப் பாத்துத்தான் மயங்கினனான். மாசியில ஒருநாள் சில்லு கழட்டேக்க, மடிப்புக்குக் கிட்டக் கோட்டிங் பொம்மிக்கொண்டு நிண்டது. ஸ்குரூ ட்றைவரால அமத்தினன். பப்படம் மாதிரி நொருங்கி உள்ளுக்க போயிட்டுது. பின்னுக்குச் செம்மண் நிறத்தில ஈரத்தூள். தகடு எண்டு ஒண்டு அதில இல்லை, கோட்டிங் மட்டும்தான் தன்ர பாட்டில நிண்டது. வித்தவர் கறளை மூடி அடிச்சு வித்திருக்கிறார். இரும்புக் கடைக்குத்தான் குடுத்தனான். அண்டைக்கு ராத்திரி நித்திரை இல்லை.

அதாலதான் சொல்லுறன். கோட்டிங் நல்ல தகட்டைக் காக்கும், கறளைச் சுகப்படுத்தாது. அடியில ஈரமும் உப்பும் இருந்தால் மூடி வைச்சு வளர்க்கிறமாதிரித்தான்.

உங்கட ஹைலக்ஸ் பிக்கப் முல்லைத்தீவுக் கரையில மீன் ஏத்தி ஒட்டுசுட்டான், மாங்குளம் எண்டு ஓடுற வாகனம். ஐஸ் உருகி வாற தண்ணியும் மீன் தண்ணியும் உப்புத்தானே. அது பெட்டிக்குள்ள விரிச்சிருக்கிற றபர் சீற்றுக்குக் கீழ போய் வாய்க்கால் வாய்க்காலாய் நிண்டிருக்கும். முதல் வேலை சீற்றைத் தூக்கி எறியுங்கோ. கிணத்துத் தண்ணியால கழுவி ரெண்டு நாள் வெயிலில விடுங்கோ. பிறகு சுத்தியலால மெல்லத் தட்டிக்கொண்டு போங்கோ. நல்ல தகடு கணீரெண்டு கேக்கும், தின்னுப்போட்ட இடம் பொத்தெண்டு கேக்கும். பொத்தெண்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு ஒட்டவேணும், அதுக்கு ஓட்டை அடைக்கிற புட்டிப் பசை வைக்க விடாதேங்கோ. மிச்சக் கறளைக் கம்பித் தூரிகையால வெள்ளிநிறம் வருமட்டும் உரஞ்சி, எப்பொக்சி பிறைமர் எண்ட அடிப்பூச்சு அடிச்சு, அதுக்குப் பிறகுதான் கறுப்பு. பெட்டியின்ர மூலையில தண்ணி போற துளையள் இருக்கு. அடிக்க முந்தி அடைச்சு, அடிச்ச பிறகு திறந்துவிடச் சொல்லுங்கோ. மறந்தால் பெட்டி தொட்டியாயிடும்.

சில்லுக்கு மேல உள்ள வேலை இதைவிடக் கவனம். எங்கட கிரவல் றோட்டில கல்லு தெறிச்சுத் தெறிச்சு அந்த இடம் ஏற்கனவே பெயின்ற் விட்டிருக்கும். உள்மடிப்புக்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ, சேறு கட்டியாய்க் கிடக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் யாரும் கன்னைத் தூக்கினால் காசு குடுக்காதேங்கோ. எங்கட வெயிலுக்குச் சாதாரணக் கோட்டிங் ரெண்டு வருசத்தில சாம்பல் பூத்துப்போகும், வெயில் தாங்கிற மேல்பூச்சு இருக்கோ எண்டும் கேளுங்கோ.

இன்னொண்டு, இது எல்லாத்தையும்விட முக்கியம். அந்த மருந்தில ஐசோசயனேற் எண்டொரு சாமான் இருக்கு. காத்தில கலந்தால் தொய்வைக் (ஆஸ்துமாவைக்) கொண்டுவரும், தொய்வு உள்ள ஆளுக்கு உயிராபத்து. நாங்கள் வெளிக்காத்துக் குழாயில வாற முகமூடி போட்டுத்தான் அடிக்கிறம், துணி மாஸ்க் ஒண்டும் செய்யாது. வீட்டு முத்தத்தில அடிக்க விடவே வேண்டாம். சின்னவன் அந்தப் பக்கமே வரக்கூடாது. பெரியம்மா வீட்டில ரெண்டு நாள் நிக்கட்டும்.

இஞ்சயிருந்து கோட்டிங் மருந்து அனுப்ப ஏலாது, பார்சலில எடுக்கமாட்டினம். தகட்டுக்கும் வெல்டிங்குக்கும் ஐம்பதாயிரம் ரூபா போட்டிருக்கிறன். குறையெண்டால் சொல்லுங்கோ, யோசிக்க வேண்டாம். 2020இல இலங்கையில வாகன இறக்குமதியை மறிச்சு, இந்த வருசம் திறந்துவிட்டும், வரியோட சேர்த்து ஒரு பிக்கப் விலை எங்களுக்கு எட்டுமே? அப்பா ஓடின வாகனம் அது. இன்னும் பத்து வருசம் ஓடவேணும்.

அம்மாவின்ர முழங்கால் எப்பிடி? புது எண்ணெய் கேட்டதாய் அண்ணி சொன்னவ, வாற மாசம் ஊருக்கு வாற ஒரு ஆளிட்டக் குடுத்துவிடுறன். சீற்றைத் தூக்கினவுடன கீழ என்ன கிடக்குதெண்டு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அதைப் பாத்துப்போட்டு நான் கோல் எடுக்கிறன்.

அன்புத் தம்பி