தம்பிக்கு: அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். “பெரிய டிவியா ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமாக்கா? அம்மாவுக்குப் பொழுது போகும்லா” என்றாய். பெங்களூரில் இருந்தாலும் உன் மனசு இங்கேயே கிடந்து அடித்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். டிவி வேண்டாம்டா. வேறு ஒன்று கேட்கப்போகிறேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் நம் சொக்காரர் வீடுகளிலும் கண் மங்கிய ஆச்சியோ தாத்தாவோ தார்சாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கண்ணிலும் படட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் கண் விஷயம். நீ இன்னும் அதைக் கண்புரை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். புரை என்றால் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் தீர்ந்தது. அம்மாவுக்கு வந்திருப்பது விழித்திரையின் நடுப்பகுதி வயதினால் தேய்கிற நோய். அதிலும் உலர்ந்த வகை என்கிறார் டாக்டர். ஊசி போடுவது பெரும்பாலும் ஈர வகைக்குத்தானாம். கண்ணாடியை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஓரப் பார்வை அப்படியே இருக்கிறது. அதனால்தான் அடுக்களைக்கும் பட்டாசலுக்கும் அங்கணத்துக்கும் யார் துணையும் இல்லாமல் போய் வருகிறாள். துளசி மாடத்தில் விளக்கு வைக்கிறாள். நேராக எதைப் பார்க்கிறாளோ அந்த இடம் மட்டும் அழிந்து போயிருக்கிறது. என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் காதைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாள். எவ்வளவு பெரிய டிவி வந்தாலும் ஆள் நடமாட்டம் தெரியுமே தவிர, அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியப்போவதில்லை.

இதில் அவளுக்குப் பெரிய இழப்பு எது என்று உனக்கும் எனக்கும் தெரியும். மதியம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த கையோடு புத்தகத்தை எடுத்தவள் அவள். மூணு மணிக்குள் வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கோபம் வருகிற ஒரே நேரம் அதுதான். கிளை நூலகத்தில் அப்பா பெயரில்தான் கார்டு, எடுத்ததெல்லாம் அம்மா. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்களே, 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ரசீது வரும்போதெல்லாம் “வரி கட்டுதோம்லா, புத்தகம் எடுக்காம இருந்தா யாருக்கு நஷ்டம்?” என்பாள். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை என்பதால் வியாழன் சாயங்காலமே உன்னை அனுப்புவாள். நீ அவள் சொன்ன புத்தகத்தை விட்டுவிட்டுத் துப்பறியும் கதையைத் தூக்கிக்கொண்டு வருவாய். அதையும் ராத்திரியோடு முடித்துவிடுவாள்.

நீ சொன்ன ‘பொன்னியின் செல்வன்’ ஒலிப்புத்தகத்தையும் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு போனைக் கையால் தடவித் தள்ளி வைத்துவிட்டு, “அவன் யாருக்கோ வாசிக்கான்” என்றாள். வெளியூரில் தனியாக இருக்கிறவர்களுக்கு அது பெரிய துணை, மறுக்கவில்லை. அம்மாவுக்கு வேண்டியது நடுவில் நிறுத்தி, “இவ யாரு, அந்தப் பழுவூர்க்காரியா?” என்று கேட்கக்கூடிய ஒரு ஆள்.

நம் வீட்டில் வாசிப்பு என்றாலே யாராவது ஒருத்தர் வாசிக்க நாலு பேர் கேட்பதுதானே. ஆச்சிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கொழும்பிலிருந்து சித்தப்பாத் தாத்தா எழுதிய கடிதத்தை நம்மை வைத்துத்தான் படித்தாள், ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப. ஆனால் கதை என்று வந்துவிட்டால் அவளுக்குத் தெரியாதது கிடையாது. சுடலைமாடசாமி கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள். பாடுகிறவர் ஒரு அடியைச் சொல்லி நிறுத்த, குடம் அடிக்கிறவரும் பின்பாட்டுக்காரரும் “ஆமா” போடுவார்கள். அந்தப் பழக்கத்திலேயே நாம் கடிதம் வாசித்தாலும் ஆச்சி உம் கொட்டுவாள். உம் கொட்டுவது நின்றால் நாமும் நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்ப்போம், ஞாபகம் இருக்கிறதா?

படித்தவர்கள் பக்கமும் இதே பழக்கம்தான். வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி என்கிற இலக்கியக் கூட்டத்தைப் பற்றி அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார். கம்பன் பாட்டு ஒன்றை அவர் சொல்ல, கூட இருந்தவர்கள் கேட்க, மறுபடியும் சொல்ல, அந்த ஒரே பாட்டில் சாயங்காலம் போய்விடுமாம். கண்ணால் மேய்ந்து அடுத்த பக்கத்துக்கு ஓடுகிற வேலையே அங்கே இல்லை. இந்த ஊர் தமிழுக்குச் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த முற்றம்தான்.

இப்போது அம்மாவுக்கும் எனக்கும் நடக்கிறது அதுதான். விளக்கு வைத்து முடித்ததும் தார்சாவில் பத்தமடைப் பாயை விரித்து உட்காருகிறோம். முதலில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி, கருப்பட்டி போட்டது. ஆனி ஆடியில் குற்றாலத்துப் பக்கமிருந்து வருகிற காற்று பக்கங்களைப் புரட்டிவிடுவதால் ஓரத்தில் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். எடுத்திருப்பது தாத்தா பைண்டு செய்து வைத்த ‘பொன்னியின் செல்வன்’. 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்ததைக் கத்தரித்துச் சேர்த்துத் தைத்த அதே கட்டுகள். எழுதிய கல்கி டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர், வட்டத்தொட்டியோடு சேர்ந்தவர். இருவருமே அந்த 1954-லேயே போய்விட்டார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது சொந்தக்காரர் சாவைச் சொல்வதுபோல் குரல் இறங்கும் என்று அம்மா சொன்னாள்.

அந்தக் கட்டை நீ பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது! காலிகோ துணி முதுகில் மட்டும்தான் மிச்சம். உள்ளே முதல் தாளில் காப்பியிங் பென்சிலால் தாத்தா பெயர், ஊதா நிறம் இன்னும் மங்கவில்லை. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறியும் கோடு கோடாகத் துல்லியமாக நிற்கின்றன. அலமாரியில் வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்தும் ராமபாணப் பூச்சி புகுந்துவிட்டது. ஒரு இடத்தில் துளைத்தால் அது அப்படியே பல பக்கங்களுக்குள் இறங்கிப் போகும். ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் ஒரு எழுத்து இருக்காது. நான் அந்த ஓட்டையில் வந்து தடுக்கி நிற்பேன். அம்மா உடனே அந்தச் சொல்லைச் சொல்லுவாள். நான் தடவிப் பார்த்து, மிச்சமிருக்கிற கொம்பையோ காலையோ வைத்து, ஆமாம் அதேதான் என்று மேலே போவேன். கண் இல்லாதவள் எழுத்தைச் சொல்ல, கண் இருக்கிறவள் சரிபார்ப்பது. இதில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் பாகம் நம்மிடம் இல்லை, இரவல் போனது போனதுதான். புதுப் பதிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். “எதுக்கு, நான் சொல்லுதேன், நீ உம் கொட்டு” என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். தம்பி, அந்தச் சாயங்காலங்களுக்கு நீ இங்கே இருந்திருக்க வேண்டும். வரிசையாகச் சொல்லவில்லை. பிடித்த இடங்களை நீட்டினாள், போர்த் தகவல்களை ஒரே வாக்கியத்தில் தாண்டினாள். பூங்குழலி வருகிற இடம் வந்தால் படகில் அவள் உட்கார்ந்திருக்கிற விதத்தைக் கையால் காட்டினாள். நடுநடுவே, எந்த வீட்டில் இருந்தபோது அந்த இடத்தைப் படித்தாள், அடுப்பில் என்ன இருந்தது, நீ வயிற்றில் இருந்தாயா பிறந்துவிட்டாயா என்பதெல்லாம் வந்தது. அப்பாவுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது அவருக்கு இதே பாகத்தை வாசித்துக் காட்டினாளாம். நமக்கு யாரும் சொல்லவே இல்லை. அப்பா அவளை மரியாதையாக “நீங்க வாசிங்க” என்று சொன்ன ஒரே காலம் அதுதானாம். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு அத்தியாயம் நீ போனில் வாசி. நான் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறேன். தினமும் பேசுகிறாயே, “சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா” என்று; அதோடு உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு முடிந்துபோகிறது. அவளும் “நல்லாயிருக்கேன்யா, நீ ஒடம்பப் பாத்துக்கோ” என்று வைத்துவிடுகிறாள். ஒரு கதை நடுவில் கிடந்தால் பேச்சு தானாக வரும். நேரமில்லை என்று சொல்லாதே. வாரப் பத்திரிகைக்கு எழுதியது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அளவானது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம், முடிகிற இடத்தில் கொக்கியும் இருக்கும்.

வாசிக்கும்போது சில விஷயம். வேகம் கூடாது. நீ ஆபீசில் பேசுகிற வேகத்தில் போனால் “ஏலே, பைய வாசி, குதிர இப்பதான ஏரிக்கரைக்கு வந்திருக்கு” என்பாள். வர்ணனையைத் தாண்டாதே, அவளுக்குக் கண்ணே அதுதான். பாட்டு வருகிற இடத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே, அந்தப் பாட்டு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும், பிடித்துவிடுவாள். யார் பேசுகிறார்கள் என்று குரலை மாற்றி நடிக்க வேண்டாம். பெயரை ஒரு தடவை சேர்த்துச் சொன்னால் போதும். உம் சத்தம் கேட்கவில்லை என்றால் நிறுத்து. ஒன்று தூங்கியிருப்பாள், இல்லை எதையோ யோசித்துக்கொண்டிருப்பாள். யோசிக்கிறாள் என்றால் காத்திரு, ஏதோ சொல்லப்போகிறாள்.

சின்னவளையும் பக்கத்தில் உட்கார்த்திவை. அங்கே பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் இல்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள் என்று உன் பெண்டாட்டி வருத்தப்பட்டாள். எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். ஒரு பத்தி போதும். நமக்கு அம்மா அப்படித்தானே சொல்லிக்கொடுத்தாள், மிச்சர் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, முழு வரியும் வாசிக்காமல் கைவைக்க விடாமல். ‘வந்தியத்தேவன்’ என்ற ஒரு சொல்லை அந்தப் பிள்ளை நாலு துண்டாக உடைத்துச் சொன்னாலும் ஆச்சி பொறுமையாக இருப்பாள். திருத்துவாள், ஆனால் கோபப்பட மாட்டாள்.

நானும் அம்மாவும் இப்போது நாலாம் பாகத்தில் இருக்கிறோம். உனக்கு முதலிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். “அவன் ஆடிப்பெருக்குல இருந்து வரட்டும். எனக்கு எத்தன தடவ கேட்டாலும் சரிதான்.” தாத்தாவின் கட்டைப் பார்சலில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. அங்கே எந்தப் புத்தகக் கடையிலாவது முதல் பாகம் வாங்கிக்கொள், எழுத்துப் பெரிதாக இருக்கிற பதிப்பாகப் பார்த்து. பொங்கலுக்கு வரும்போது தாத்தாவின் கட்டையே கையில் வைத்து வாசிக்கலாம். அப்போது சொதியும் இஞ்சித் துவையலும் வைக்கிறேன், தேங்காய்ப்பால் எடுக்க நீதான் கூட இருக்க வேண்டும்.

ஞாயிறு ஆறு மணிக்கு மேல் போன் போடு. அதற்கு முன்னால் விளக்கு வைக்கிற நேரம்.

அன்புடன்,
அக்கா
பாளையங்கோட்டை