அழகிகளா, பெண்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, போன வாரம் உங்க பேப்பர்ல 'மசாஜ் சென்டரில் ரெய்டு: 4 அழகிகள் மீட்பு'ன்னு ஒரு செய்தி. மீட்டாங்கன்னா அவங்க பாதிக்கப்பட்டவங்கதானே, அவங்களுக்கு எதுக்கு சார் அழகிப் பட்டம், நடத்தின ஆளை மட்டும் மரியாதையா 'உரிமையாளர்'னு போட்டிருக்கீங்க (அவரு அழகனான்னு யாரும் எழுதல). 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு கையேடு போட்டுச்சு, ஈவ் டீசிங்னு சொல்லாதீங்க, தெருவுல நடக்கிற பாலியல் தொல்லைன்னு சொல்லுங்கன்னு, அது ஜட்ஜுங்களுக்கும் வக்கீலுங்களுக்கும்தான், ஆனா பேப்பர்காரங்க படிச்சா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

நாங்க இருக்கிறது தாராவி 90 அடி ரோடு, என் பொண்ணு இங்கிலீஷ் மீடியம், தமிழ் கத்துக்கிட்டதே உங்க பேப்பரை எழுத்துக்கூட்டித்தான். 'அ-ழ-கி-கள்'னு சத்தமா வாசிச்சிட்டு 'பாட்டி என்னை அழகின்னுதானே கூப்பிடுறாங்க, அப்போ போலீஸ் வருமாம்மா'ன்னு கேட்டா, அடுப்புல ரசம் பொங்கி வழிஞ்சது, எனக்கு வாயே வரல. சப் எடிட்டருங்க மேசையில அந்தக் கையேட்டு வார்த்தைங்களைத் தமிழ்ல எழுதி ஒட்டி வைங்க சார், அடுத்த தடவை 'பெண்கள் மீட்பு'ன்னு மட்டும் போட்டா போதும்.

ஒரு வாசகி,
தாராவி, மும்பை