திருவருகைக் கால வீட்டு ஜெபம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ஞாயிறு மறைக்கல்விப் பள்ளி, பினாங்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். அதையொட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட இந்தத் திருவருகைக் காலம் முழுவதும் மாலை ஜெபத்தை வீட்டில் பிள்ளைகளே தமிழில் நடத்தட்டும். பிள்ளை முன்னே சொல்ல, நீங்கள் பின்னே சொல்லுங்கள்.

இது சவேரியார் காட்டிய வழி. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களையே அனுப்பினார். ஆகவே, தமிழ் சரளமாக வரவில்லையே என்று நீங்களும் தயங்க வேண்டாம்.

முதல் வாரம் கர்த்தர் கற்பித்த ஜெபமும் அருள் நிறைந்த மரியேயும். இரண்டாம் வாரம் விசுவாசப் பிரமாணம்: 12 பிரிவுகள், மாலைக்கு 2, ஆறு நாளில் முடியும். ஒவ்வொரு பிரிவுக்கும் பிறகு, “விசுவசிக்கிறீர்களா?” என்று பிள்ளை கேட்க, இரு கைகளையும் மார்பில் சிலுவையாக வைத்து, “விசுவசிக்கிறோம்” என்று பதில் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிறுதோறும் சவேரியார் இப்படித்தான் செய்தார். மூன்றாம் வாரம் பத்துக் கட்டளைகள். நான்காம் வாரத்துக்குப் புதிதாக எதுவும் வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் திங்களன்று வரும் ஆண்டில் அந்த வாரமே ஒரு நாள்தான்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். பிள்ளை தடுமாறும்போது நடுவில் குறுக்கிட்டுத் திருத்தினால் மறுநாள் வாய் திறக்காது; முடியட்டும், பிறகு அந்த வரியை மட்டும் மெதுவாகச் சொல்லிக்காட்டுங்கள். இன்னொன்று, தமிழ் ஜெபத்தை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதிக்கொடுப்பது. ல, ள இரண்டும் ஒன்றாகிவிடும். ர, ற அப்படியே. தவறாகப் பதிந்த உச்சரிப்பைப் பிறகு மாற்றுவது கடினம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாயால் சொல்லிக்கொடுங்கள். சவேரியார் காலத்துப் பிள்ளைகளும் காதால் கேட்டே கற்றார்கள்.

மெழுகுவர்த்தி வளையம் வைப்பவர்கள் ஊதா மூன்று, ரோஸ் ஒன்று வாங்குங்கள். ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு. வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி, ஜெப நேரத்தில் மட்டும், பத்து நிமிடம் ஏற்றினால் முதல் மெழுகுவர்த்தி நான்கு வாரமும் தாங்கும். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். வளையத்தில் சுற்றும் பச்சை இலை நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்து தீப்பிடிக்கும், வாரந்தோறும் மாற்றுங்கள்.

சீனாவுக்குள் அழைத்துப்போகும் படகுக்காக ஒரு சிறு தீவில் காத்திருந்தபடியே 1552-இல் சவேரியார் இறந்தார். மறு ஆண்டு அவர் உடல் மலாக்காவில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டு, பிறகு கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. விடுமுறையில் மலாக்கா போனால் செயின்ட் பால் குன்றின் மேலுள்ள பாழடைந்த கோயிலுக்குள் அந்தக் குழியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஜெபத்தாள் கிடைக்காதவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இறைப்பணியில்,
தலைமையாசிரியர்