கூந்தன்குளத்தில் ஹாரன் வேண்டாமே

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்து ஊர் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே அது பறவைகளின் ஊர்தான். மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமா, வீட்டுக் கொல்லைப் புளியிலும் வேம்பிலும் கூடு கட்டுகின்றன. முற்றமெல்லாம் எச்சம், கூடவே மீன் நாற்றம். ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. தீபாவளிக்கு வெடியும் கிடையாது. எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது, அது தனிக் கணக்கு.

சரி, பார்க்க வருகிறவர்கள் ஏன் மரத்தடியில் ஹாரன் அடிக்கிறார்கள்? போன ஞாயிறு ஒரு வேன் அப்படி அலறியது. திண்ணையில் இருந்த பாட்டி எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார். ஊர் எல்லையில் பெரிதாக ஒரு பலகை வைத்தால் பாட்டிக்கு வேலை மிச்சம்.

- ஒரு வாசகர், நாங்குநேரி